அண்ணனை மட்டும் ஏன் சாய்த்தது? கோவிட் தீவிரமும் நம் மரபணுவும்

கேள்வி: கடைக்குட்டி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். நீண்ட நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை, இப்போது வீட்டில் எழுந்துள்ள ஒரு சிக்கலால் இங்கே எழுதிக் கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் உடைக்கப்பட்ட பிறகு பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். 2021 ஆகஸ்டில் அந்த மூன்று அறை வீட்டில் அப்பா, அம்மா, பெரியண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான் என ஏழு பேர் இருந்தோம். ஒரே வாரத்தில் ஏழு பேருக்கும் கோவிட் தொற்று உறுதியானது.

நாற்பது ஆண்டு பால் வெட்டிய அப்பாவுக்கு அப்போது வயது 74. இரண்டு நாள் காய்ச்சலும் ஒரு வார இருமலும் கண்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்கு மணமும் சுவையும் ஒரு மாதம் தெரியவில்லை. அண்ணிக்கும் எனக்கும் பிள்ளைகளுக்கும் சளியோடு முடிந்தது. செம்பனை ஆலையில் குலை ஏற்றிக்கொண்டிருந்த, மருத்துவ விடுப்பு என்பதையே அறியாத, 46 வயது அண்ணனுக்கு மட்டும் எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஈப்போவில் சுவாசக் கருவியில் வைத்தார்கள். பதினேழாம் நாள் இறந்துவிட்டார்.

தெற்காசியர்களில் அறுபது விழுக்காட்டினருக்கு நுரையீரலைக் கெடுக்கும் ஒரு மரபணு இருப்பதாகவும், அது உள்ளவர்களைக் கோவிட் கொன்றுவிடும் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் உறவினர் குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தைகள் இதை "அந்தக் குடும்பத்து இரத்தம்" என்று பேச ஆரம்பித்து, பேச்சு கடைசியில் அண்ணன் மகளின் திருமணத்தில் வந்து நிற்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போன குவாலா கங்சார் மாப்பிள்ளை வீட்டார், "உங்கள் வீட்டில் ஏதோ நுரையீரல் மரபணு இருக்கிறதாமே" என்று தரகர் வழியாகக் கேட்டனுப்பியிருக்கிறார்கள்.

என் கேள்விகள் மூன்று. அப்படி ஒரு மரபணு உண்மையிலேயே உண்டா? ஒரே வீடு, ஒரே இரத்தம் என்னும்போது அப்பாவை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் அது ஏன் சாய்த்தது? தனியார் நிறுவனங்கள் எச்சிலை எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனையைப் பிள்ளைகள் இருவருக்கும் செய்து பார்க்கலாமா? அதற்குக் கேட்கும் பணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு நெருங்குகிறது.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தான்

தம்பி, அண்ணனின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நான் அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன், மருத்துவர் அல்லன். படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் குழுவில் வந்த செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. தொல்லையே அந்தப் பாதிதான்.

2020 ஜூனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கோவிட்டால் மூச்சு செயலிழந்த 1,610 நோயாளிகளின் மரபணுத் தொகுதியைப் பொதுமக்களின் தொகுதியோடு ஒப்பிட்டபோது இரண்டு இடங்களில் தெளிவான வேறுபாடு தென்பட்டது. ஒன்று, ஒன்பதாம் குரோமோசோமில் குருதி வகையைத் தீர்மானிக்கும் இடம். ஓ வகையினருக்கு ஆபத்து சற்றுக் குறைவு, ஏ வகையினருக்குச் சற்றுக் கூடுதல் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. அந்தச் "சற்று" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஓ வகை என்றால் முகக்கவசம் வேண்டாம் என்று நம் கடைத்தெருவில் சிலர் திரிந்தது வேறு கதை.

மற்றது மூன்றாம் குரோமோசோம். உங்கள் செய்தியின் கரு இதுதான். ஏறத்தாழ 50,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சிலரிடம் ஒரு வடிவத்திலும் மற்றவர்களிடம் வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. ஆபத்தைக் கூட்டும் வடிவம், ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர், பின்னர் அழிந்துபோன நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தாரோடு கலந்தபோது வந்து சேர்ந்தது என்பதை மரபணு ஆய்வாளர்களான ஹியூகோ செபர்க், ஸ்வாந்தே பேபோ ஆகிய இருவரும் 2020 இல் காட்டினார்கள். குரோவேசியாவின் விண்டியா குகையில் கிடைத்த எலும்பின் மரபணுவோடு அது பொருந்தியது. (பேபோ 2022 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்.) தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு துண்டும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கும். ஆபத்தைக் கூட்டும் இந்தத் துண்டின் ஒரு படியையாவது சுமப்பவர்கள் தெற்காசியாவில் ஏறத்தாழ 50 விழுக்காடு, ஐரோப்பாவில் 16 விழுக்காடு, வங்காளதேசத்தில் 63 விழுக்காடு. ஆப்பிரிக்காவில் இது அநேகமாக இல்லவே இல்லை. கிழக்காசியாவிலும் மிக அரிது.

2021 நவம்பரில் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் அந்தத் துண்டுக்குள் இறங்கி, எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவைத் தூண்டும் ஒரு எழுத்து மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார்கள். தெற்காசிய வழியினரில் 60 விழுக்காட்டினரிடம் அது இருப்பதாக அவர்கள் சொன்னதுதான் உங்கள் வாட்ஸ்அப் அறுபது. நுரையீரலின் உள்தோலில் உள்ள உயிரணுக்கள் கிருமி தாக்கும்போது தம் இயல்பை மாற்றிக்கொண்டு தப்பிக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியை இம்மாற்றம் மந்தப்படுத்துகிறது என்பது அவர்களுடைய விளக்கம். கவனியுங்கள், அது நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கெடுக்கவில்லை. ஆகவே இத்துண்டு உள்ளவர்களிடமும் தடுப்பூசி தன் வேலையைச் செய்யும் என்பதை அவர்களே அப்போது வலியுறுத்தினார்கள். செய்தியை அனுப்பியவர்கள் இந்தப் பகுதியை ஏன் விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இனி, இத்துண்டு உள்ளவர்களுக்கு "ஆபத்து இரு மடங்கு" என்று சொல்லப்படுவதற்கு என்ன பொருள்? ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். ஊசி போடாத, உங்கள் அண்ணன் வயதுள்ள ஆயிரம் பேருக்குத் தொற்று வந்து, அத்துண்டு இல்லாத நிலையில் அவர்களில் பத்துப் பேருக்கு நோய் முற்றுகிறது என்றால், அத்துண்டு உள்ள ஆயிரம் பேரில் இருபது பேருக்கு முற்றும். மீதி 980 பேர் அதே துண்டைச் சுமந்துகொண்டே வீட்டில் கஞ்சி குடித்து எழுந்துவிடுவார்கள். இந்தத் துண்டின் தாக்கம் அறுபது வயதுக்கு உட்பட்டவர்களிடம் கூடுதலாகத் தெரிவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன; முதியவர்களிடம் வயது என்ற பெரிய காரணம் மற்றவற்றை மூடிவிடுகிறது. எனவே அண்ணனுக்கு அது இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தது என்று சொல்லவும் எவருக்கும் ஆதாரம் இல்லை.

"ஒரே இரத்தம்" என்ற சொல்லில்தான் சறுக்கல் இருக்கிறது. தந்தையிடம் இத்துண்டு ஒரு படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அண்ணனுக்குப் போயிருந்து உங்களுக்குப் போகாமல் இருக்கலாம்; அப்பாவிடமிருந்து வராமல் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம்; அப்பாவும் அதைச் சுமந்துகொண்டே இரண்டு நாள் காய்ச்சலோடு தப்பியிருக்கலாம். அதோடு, அதே நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த இன்னொரு துண்டு பன்னிரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அது தீவிர நோயின் வாய்ப்பை 22 விழுக்காடு அளவுக்குக் குறைக்கிறது. ஒரே பாட்டன் விட்டுப்போன கடனும் சொத்தும் போல இரண்டும் நம்மிடையே கலந்து கிடக்கின்றன. மூன்றாம் குரோமோசோம் துண்டே எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் குறைப்பதாக 2022 இல் செபர்க் எழுதினார். எதை நல்லது என்பது, எதைக் கெட்டது என்பது?

இவற்றுக்கெல்லாம் அப்பால் மரபணுவின் பங்கு மிகக் கனமாக இருக்கும் சிலரும் உண்டு. கிருமி நுழைந்ததும் உடல் ஊதும் முதல் சங்கு இன்டர்ஃபெரான் என்ற புரதம். அந்தச் சங்கை ஊத முடியாதபடி அரிய மரபணுக் குறை உள்ளவர்கள், உயிருக்குப் போராடிய நோயாளிகளில் 3.5 விழுக்காடு என்று 2020 இல் ஓர் ஆய்வு கண்டது. அதே குழுவினர் 987 தீவிர நோயாளிகளைப் பார்த்தபோது 101 பேருக்குத் தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புரதங்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். ஆண்கள் அதிகம் இறந்ததற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

இத்தனையும் சொன்ன பிறகு, நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டு செய்திகளைக் கேட்கிறேன். அந்த ஆகஸ்டில் வீட்டில் யார் யார் ஊசி போட்டிருந்தீர்கள்? அண்ணனுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்ததா?

பதில்: பழைய லயத்துக்காரன்

ஆய்வுக்கூட நண்பரின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இந்த மரபணுப் பேச்சு நம் ஊரில் என்ன வேலை செய்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

தோட்டத்துத் தமிழன் நோயுற்றால் அவன் உடம்பில் கோளாறு, அவன் பழக்கத்தில் கோளாறு, அவன் இரத்தத்தில் கோளாறு என்று சொல்லும் வழக்கம் கங்காணி காலத்திலேயே இருந்தது. லயத்துக் கூரையில் ஒழுகிய நீரையும் காவாயில் தேங்கிய நீரையும் பற்றி அன்று யாரும் பேசவில்லை. 2020 ஆகஸ்டில் கெடாவில் ஒரு தொற்றுத் திரளுக்குச் சிவகங்கை என்று பெயர் வந்தபோது, பத்து மடங்கு வேகமாகப் பரவும் கிருமி அதில் இருப்பதாகச் செய்தி பரவிய அந்த வாரத்தில், எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழ் முகத்தைக் கண்டு இரண்டடி தள்ளி நின்றவர்களை நான் பார்த்தேன். ஒரு கிருமிக்கும் ஒரு மாவட்டத்துக்கும் போடப்பட்ட முடிச்சு எவ்வளவு எளிதாக ஓர் இனத்தின் கழுத்தில் விழுகிறது!

மரபணு வாதத்துக்கு என் மறுப்பு ஒன்று உண்டு. பிரிட்டனில் முதல் அலையின்போது வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் இறந்தவர்கள் வங்காளதேசத்தவரும் பாகிஸ்தானியரும் மட்டுமல்லர். கறுப்பின மக்களும் அப்படியே இறந்தார்கள். ஆப்பிரிக்க வழியினரிடம் அந்த நியாண்டர்தால் துண்டு அநேகமாக இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் அவர்கள் ஏன் இறந்தார்கள்? பேருந்து ஓட்டியவர்கள், மருத்துவமனையில் தரை துடைத்தவர்கள், ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். கேட்டவரின் வீட்டையே பாருங்கள். மூன்று அறையில் ஏழு பேர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற சலுகை குலை ஏற்றுகிறவனுக்கு இல்லை. ஆலையில் முதலில் யாருக்கு இருமல் வந்தது, எத்தனை பேர் ஒரே லாரியில் வந்து போனார்கள் என்ற கேள்விகள் எந்த எச்சில் பரிசோதனையிலும் தெரியாது.

இன்னும் ஒன்று. 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களிடையே இனிப்புநீர் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வையுங்கள். அதை அளக்க மரபணு வேண்டாம், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டனுப்பினார்களா?

பதில்: நுண்ணுயிர் மாணவி

வணக்கம் ஐயா, அண்ணா. என் தாத்தாவும் பாட்டியும் அதே பகுதித் தோட்டத்துக்காரர்கள். நான் இப்போது கோலாலம்பூரில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருக்கிறேன். மனித மரபணுவைப் பற்றியே பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. கிருமிக்கும் ஒரு மரபணுத் தொகுதி உண்டு என்பதையும், இந்தக் குடும்பத்தின் கதையில் அதன் பங்கு சிறியதன்று என்பதையும் சேர்க்க விரும்புகிறேன்.

நம் மரபணுத் தொகுதி முந்நூறு கோடி எழுத்துகள் கொண்டது. கொரோனா கிருமியினுடையது வெறும் 29,900 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை. படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஓர் அமைப்பு இதனிடம் இருப்பதால் மற்றப் பல ஆர்என்ஏ கிருமிகளைவிட மெதுவாகவே மாறுகிறது. ஒரு பரம்பரையில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்து. பெரும்பாலான மாற்றங்களால் ஒன்றும் நிகழ்வதில்லை. எப்போதாவது ஒன்று கிருமிக்குக் கைகொடுக்கிறது.

லயத்துக்காரர் ஐயா குறிப்பிட்ட சிவகங்கைத் திரளில் பேசப்பட்டது டி614ஜி என்ற மாற்றம். கிருமியின் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதத்தில் 614 ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அது தமிழ்நாட்டில் பிறந்ததன்று. 2020 இன் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் பரவி, அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் உலகம் முழுவதும் அதுவே மிகுதியாகிவிட்டது. "பத்து மடங்கு" என்பது ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் உயிரணுக்களைத் தொற்றும் திறனைப் பற்றிய எண். ஊரில் பரவும் வேகத்தைப் பற்றியதன்று. நோயை அது கடுமையாக்கியதாகவும் தெரியவில்லை. ஐயாவின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்பதற்காகவே இதை விரித்து எழுதினேன்.

கிருமியின் மரபணு நோயின் கடுமையை மாற்றும் என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2020 இன் முதல் மாதங்களில் சிங்கப்பூரில், ஓஆர்எஃப்8 என்ற பகுதியில் 382 எழுத்துகளை இழந்துவிட்ட ஒரு கிருமி வகை சிலரிடம் காணப்பட்டது. அந்த வகை மட்டும் தொற்றிய 29 பேரில் ஒருவருக்கும் உயிர்வளி தேவைப்படவில்லை. இழப்பில்லாத வகை தொற்றிய 92 பேரில் 26 பேருக்குத் தேவைப்பட்டது. அந்த மென்மையான வகையே நிலைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் அது மார்ச்சுக்குப் பின் மறைந்துவிட்டது. எந்தக் கிருமி நிலைக்கும் என்பதை அது தரும் நோயின் மென்மை தீர்மானிப்பதில்லை. பரவும் திறன்தான் தீர்மானிக்கிறது.

2021 ஆகஸ்டு என்று அண்ணா எழுதியதும் எனக்கு டெல்டாதான் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் 26 ஆம் நாள் ஒரே நாளில் 24,599 தொற்றுகள் பதிவாயின. நாட்டில் அப்போது ஓங்கியிருந்த வகை டெல்டா. அதன் முள் புரதத்தில் 681 ஆம் இடத்தில் நேர்ந்த மாற்றம், உயிரணுவுக்குள் நுழையுமுன் அப்புரதம் வெட்டப்பட வேண்டிய இடத்தை இன்னும் எளிதாக வெட்டுப்படச் செய்தது. பால் மரத்தில் பழகிய கை போட்ட காயம் போல, சிறிது தொட்டாலே திறந்துகொண்டது. ஸ்காட்லாந்தில் எடுத்த கணக்கில், அதற்கு முந்தைய ஆல்ஃபா வகையைவிட டெல்டா தொற்றியவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நியாண்டர்தால் துண்டுக்குச் சொல்லப்படும் அதே "இரு மடங்கு" இங்கேயும் வருவதைப் பாருங்கள். ஆனால் மனிதத் துண்டு ஒரு வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் மாறும். கிருமியின் மாற்றம் அந்த வீட்டில் ஏழு பேருக்கும் பொதுவானது. ஆகவே அண்ணன், அப்பா என்ற வேறுபாட்டுக்குக் காரணம் டெல்டா அன்று. நாடு முழுவதும் அந்த ஆகஸ்டு அப்படி இருந்ததற்கும், சில மாதங்களில் வந்த ஒமிக்ரான் அலை வேறு மாதிரி இருந்ததற்கும் கிருமியின் பங்கு உண்டு.

2021 நவம்பர் 26 அன்று பெயரிடப்பட்ட ஒமிக்ரானின் முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. ஹாங்காங்கில் அகற்றப்பட்ட மனிதத் திசுக்களில் வளர்த்துப் பார்த்தபோது, அது மூச்சுக் கிளைக்குழாயில் டெல்டாவைவிட எழுபது மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரலின் ஆழத்திலோ டெல்டாவைவிட மிகக் குறைவாகவே பெருகியது. அதே நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் இரண்டு ஊசிகளும் போட்டு முடித்திருந்ததால், மென்மைக்கு எவ்வளவு கிருமி காரணம், எவ்வளவு ஊசி காரணம் என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

மரபணு ஆய்வே வீண் என்பது போல லயத்துக்காரர் ஐயா எழுதியிருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பிரிட்டனில் 208 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 2,244 நோயாளிகளை ஆராய்ந்த எடின்பரோ குழுவினர், டிஒய்கே2 என்ற மரபணு மிகையாக இயங்குவோருக்கு அழற்சி கட்டுக்கடங்காமல் போவதை 2020 இல் கண்டார்கள். அந்த வழித்தடத்தை அடக்கும் மருந்து ஒன்று மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே கடையில் இருந்தது. பாரிசிட்டினிப் என்பது அதன் பெயர். பெரிய சோதனையொன்றில் அது மருத்துவமனை நோயாளிகளின் இறப்பை 13 விழுக்காடு குறைத்தது. மரபணு ஆய்வின் பயன் அந்தக் கட்டிலருகில் இருக்கிறது, ஐயா. தரகரின் கையேட்டில் இல்லை.

பதில்: பழைய லயத்துக்காரன்

மகளே, மருந்து விஷயம் நான் அறியாதது. என் எழுத்தில் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறேன், மற்றவை நிற்கட்டும்.

கேட்டவர்: கடைக்குட்டி

மூவருக்கும் நன்றி. ஆய்வுக்கூட ஐயா கேட்ட இரண்டு கேள்விகளைப் படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஜூலைக்குள் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். அண்ணியும் நானும் ஒன்று போட்டிருந்தோம். அண்ணனுக்கு மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் செயலியில் முதல் ஊசிக்கு நாள் வந்திருந்தது. ஆலையில் அன்று ஆள் குறைவு என்று போகவில்லை. அடுத்த நாள் கிடைப்பதற்குள் தொற்று வந்துவிட்டது. இனிப்புநீர் இருந்தது என்பதே அவரை மருத்துவமனையில் சேர்த்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சர்க்கரை (மில்லிமோல் கணக்கில்) இருபதுக்கு மேல் என்று சொன்னார்கள். அதற்கு முன் அவர் இரத்தம் கொடுத்துப் பார்த்ததே இல்லை. இவ்விரண்டையும் நான் ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்டால், மரபணு என்றால் அது யாருடைய தவறும் இல்லை என்று ஆகிவிடும் என்பதற்காக இருக்கலாம். அந்த ஊசிக்கு அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்லவில்லையே என்று அண்ணி இன்றும் அழுகிறார்.

பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தான்

தம்பி, முதலில் அண்ணிக்காக ஒரு வார்த்தை. முதல் ஊசி போட்ட ஓரிரு வாரத்தில் பாதுகாப்பு முழுமையாக வந்துவிடாது. அன்று போயிருந்தாலும் அந்த நாட்களுக்குள் தொற்றியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவரிடம் என் பெயரிலேயே சொல்லுங்கள்.

நீங்கள் இப்போது எழுதியதை வைத்துப் பார்த்தால், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது. 74 வயதில் இரண்டு ஊசி போட்ட உடலும், 46 வயதில் ஊசி போடாமல், கட்டுப்படாத சர்க்கரையோடு இருந்த உடலும் ஒரே கிருமியைச் சந்தித்திருக்கின்றன. மூன்றாம் குரோமோசோம் துண்டு அதில் சேர்ந்திருந்தால் ஒரு கை கூடுதல், அவ்வளவுதான்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை நோயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரே மரபணுக் குறையால் வருவது. தாய் தந்தை இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் பிள்ளைக்கு நால்வரில் ஒருவர் என்ற கணக்கில் கடும் நோய் வரும். அறிந்தால் திட்டமிடலாம், ஆகவேதான் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இரத்தம் எடுக்கிறார்கள். கோவிட் தீவிரம் அப்படியன்று. சிறு சிறு அளவில் தள்ளும் பல இடங்கள் குரோமோசோம்கள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துண்டு இருக்கிறது என்று தாளில் வந்தால் நீங்கள் செய்யப் போவது என்ன? ஊசியை உரிய காலத்தில் போடுவீர்கள், சர்க்கரையைப் பார்ப்பீர்கள். இல்லை என்று வந்தாலும் அதையே செய்ய வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு நோய் எதுவுமில்லாத இளைஞர்கள், அதிலும் சகோதரர்கள், அடுத்தடுத்துக் கடுமையாகச் சாய்ந்தால் மருத்துவர்கள் மரபணுவைத் தேடுவார்கள். நெதர்லாந்தில் 2020 இல் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்களிடம், எக்ஸ் குரோமோசோமிலுள்ள டிஎல்ஆர்7 என்ற மரபணுவில் குறை இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அது கெட்டால் மாற்று இல்லை. உங்கள் அண்ணனின் நிலை அதுவன்று. பிள்ளைகள் இருவரும் அதே டெல்டாவைச் சளியோடு கடந்தவர்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டியது எளிது. அவர்கள் சொல்லும் துண்டு நம்மவரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தால் மூவரிடம் இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. மாப்பிள்ளையே அந்த மூவரில் ஒருவராக இருக்கலாம். உண்மையிலேயே மரபணுக் கவலை இருந்தால் பெண், மாப்பிள்ளை இருவரின் தலசீமியாப் பரிசோதனை முடிவையும் எடுத்துப் பார்க்கட்டும். அது பொருளுள்ள கேள்வி. கேட்பதில் இரு வீட்டாருக்கும் இழுக்கில்லை.

அண்ணனுடைய பிள்ளைகளுக்குத் தந்தை வழியில் வந்திருக்கக்கூடியது என்று நான் கவலைப்படுவது இனிப்புநீர்தான். இருவரையும் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: கடைக்குட்டி

அண்ணியிடம் நேற்று இரவு படித்துக் காட்டினேன். மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை மூவரும் வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போகிறோம். அப்பாவும் வருவேன் என்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தான்

நல்லது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அங்கே காலைச் சர்க்கரையும் சேர்த்து எடுப்பார்கள் என்பதால் பட்டினியோடு போவதே சரி. மகளுக்குப் பள்ளியில் எடுத்த தலசீமியா முடிவு வீட்டில் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். அவர் அதைச் சுமப்பவராக இருந்தால் எச்பிஏ1சி எண் தவறாகக் காட்டக்கூடும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்பாவுக்கு மட்டும் பையில் இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை நீளமாக இருக்கும்.